முகட்டிலிருந்து கூப்பிட்டு வந்தது

2023 செப்டம்பர் 7, வியாழக்கிழமை, காலை 8 மணி 40 நிமிடம். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. நகரத்தில் பதினான்கு டிகிரி, மேலே ஒன்பது டிகிரி, காற்று லேசு என்று நிலையத்துப் பலகை காட்டியது. ஜெர்மன் பேசும் இந்த இன்ஸ்ப்ரூக் நகரத்தில் டவுன் பஸ் நிற்கும் இடத்திலிருந்து இருநூறு அடி நடந்தால் மலைக்குப் போகும் ரயிலில் ஏறிவிடலாம். அதிலிருந்து இறங்கினால் கம்பியில் தொங்கும் பெட்டி, அதற்கு மேல் இன்னொரு பெட்டி. முக்கால் மணி நேரத்துக்குள் இரண்டாயிரத்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறார்கள். அதே நேரத்தில் எங்கள் ஊர் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெண்ணாடம் போய்ச் சேரலாம், கரும்பு டிராக்டர் குறுக்கே வராவிட்டால். ஒன்றே முக்கால் வருடமாக இங்கே இருக்கிறேன். ஆபீசுக்குப் போகிறவர்களும் பாறை ஏறுகிறவர்களும் ஒரே வண்டியில் ஒரே முகத்தோடு உட்கார்ந்திருப்பது இன்னும் எனக்குப் பழகவில்லை. அன்றைக்குக் கடைசிப் பெட்டியில் என்னோடு பதினேழு பேர், இரண்டு நாய்கள். பத்துப் பேர் தலைக்கவசம் வைத்திருந்தார்கள். தேங்காய் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

பையில் இருந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். தேங்காய் ஒன்று, கற்பூர வில்லை ஐந்து, தீப்பெட்டி ஒன்று, மஞ்சள் துணி முழ நீளம், தண்ணீர் ஒரு லிட்டர், வாழைப்பழம் இரண்டு, பிரஷர் மாத்திரை ஒரு வேளைக்கு. காலில் என் மகன் செழியனின் பழைய மலை பூட்ஸ். அவனுக்கு ஒன்பது, எனக்கு எட்டு என்பதால் இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொண்டேன். மருமகள் வெண்ணிலாவிடம் நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். எழுபது வயதில் பொய் சொன்னால் நாக்கு தடுமாறுகிறது. அவள் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கவனிக்கவில்லை.

செழியன் அந்த மலை முகட்டில்தான் செத்துப்போனான். 2021 ஜூன் 19, சனிக்கிழமை. நான் பெட்டியில் ஏறிய நாளுக்கு இரண்டு வருடம் இரண்டு மாதம் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. இங்கே பல்கலைக்கழகத்தில் பீங்கான் பொருட்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். சனிக்கிழமைகளில், தன்னோடு வேலை பார்க்கிறவர்களோடு பாறை ஏறப் போவான். கயிறு கிடையாது. கையும் காலும் வைத்து முகட்டின் மேலேயே தவழ்ந்தும் நடந்தும் போவது. இந்த ஊரில் அது ஒரு சாதாரணப் பொழுதுபோக்கு, நம்மூரில் சாயந்திரம் கடைத்தெருப் பக்கம் போய்வருவதுபோல. அவன் பிடித்த கல் பெயர்ந்து வந்துவிட்டது. நூற்று நாற்பது மீட்டர் என்று போலீஸ் அறிக்கை சொல்கிறது. தடையில்லாமல் விழுந்தால் ஐந்தரை வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கணக்கை நான் போட்டிருக்கக் கூடாது. போட்ட பிறகு, டீயில் சர்க்கரை போட்டுக் கலக்கும்போதும், சிக்னலில் நிற்கும்போதும் ஐந்து எண்ணி முடிக்கிறேன்.

அப்போது கொரோனா. நான் விருத்தாசலத்தில் இருந்தேன், விமானம் இல்லை. மகன் எரிந்ததைப் போனில் பார்த்தேன், பதினோரு நிமிடம். நான்கு மாதம் கழித்து வெண்ணிலா சாம்பலைக் கொண்டுவந்தாள். மணிமுத்தாற்றில் கரைத்தோம். அந்த ஆற்றில் போட்ட எலும்பு கல்லாகிவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பிறகு வெண்ணிலாவுக்கும் பேத்தி இனியாவுக்கும் துணையாக நான் இங்கே வந்துவிட்டேன். எல்லாம் முறைப்படி முடிந்தது என்று நினைத்தேன். ஒரு காரியம் மட்டும் செய்யவில்லை என்பதை மங்கலம்பேட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்த என் அக்கா போனில் சொன்னாள். அக்காவுக்கு எழுபத்தாறு வயது.

"தம்பி, நேத்தும் வந்தான்டா. கதவாண்டயே நிக்கிறான். உள்ள வாடான்னா வரமாட்டேங்கிறான். கையி ரெண்டும் சில்லுன்னு இருக்குது அத்தைங்கிறான்."

"கனவுக்கா."

"கனவுதான்டா. கனவுல வராம பஸ்ஸு புடிச்சா வருவான்? நீ அவன் செத்த எடத்துக்குப் போயி கூப்புட்டியா?"

"இல்லக்கா."

"பின்ன எப்பிடி வருவான்? நல்லூருல லாரியில அடிபட்டானே ஒரு பையன், அவங்கப்பன் அந்த ரோட்டுக்கே போயி, தேங்கா ஒடச்சி, பேரச் சொல்லி மூணு தரம் கூப்புட்டு, அங்கேருந்து ஒரு கல்ல எடுத்துக்கினு திரும்பிப் பாக்காம வூட்டுக்கு வந்தாரு. அவரு கையெழுத்து போடத் தெரியாதவரு. நீ காலேஜு படிச்சவன், ஒனக்கு நாஞ் சொல்லணுமா?"

நான் அறிவியல் படித்தவன். இதை நம்புகிறேனா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் இந்த நகரத்தில் வாழ்ந்து பாருங்கள். விருத்தாசலத்துக்குப் பழமலை என்று ஒரு பேர் உண்டு, பார்க்க ஒரு குன்றுகூடக் கிடையாது. இங்கே எந்தத் தெருவில் நின்று வடக்கே பார்த்தாலும் தெருவின் முடிவில் அந்த முகடுதான் நிற்கிறது. எங்கள் நாலாம் மாடி வீட்டில் ஐந்து ஜன்னல். மூன்றில் தெரிகிறது. குளியலறையின் மங்கல் கண்ணாடியில்கூட அதன் கோடு விழுகிறது. சாயந்திரம் கடைசி வெயில் அதன் மேல்தான் நிற்கும். ஏழு வயது இனியா தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது பால்கனியில் நின்று முகட்டைப் பார்த்துக் கையாட்டுவாள். அவளுக்கு யாரும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருநாள் வெண்ணிலா, லின்ஸ் நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது, அக்டோபர் முதல் தேதிக்குள் இந்த வீட்டைக் காலி செய்கிறோம் என்றாள். இந்த மலையைப் பார்த்துக்கொண்டே சமைக்க அவளால் முடியவில்லை. அது நியாயம். ஆனால் எனக்கு அன்று பூராவும் ஒரே கேள்வி. நாங்கள் மூவரும் போய்விட்டால் அவன் யார் வீட்டுக்கு வருவான்? அங்கேயே நின்றுகொண்டு கையாட்டும் பால்கனியைத் தேடமாட்டானா? காலி செய்ய இருபத்துநான்கு நாள் இருந்தபோது நான் பெட்டியில் ஏறினேன்.

கடைசி நிலையத்திலிருந்து முதல் அரை மணி நேரம் ஒற்றையடிப் பாதை. சாதாரணச் செருப்போடுகூடச் சிலர் வந்திருந்தார்கள். பிறகு பாதை பாறையோடு சேர்ந்து காணாமல்போகிறது. சிவப்புச் சாயத்தில் ஒரு புள்ளி, இருபது அடி தள்ளி இன்னொரு புள்ளி, அவ்வளவுதான் வழி. இடதுபக்கம் சாம்பல்நிறப் பள்ளம், மனித வாசமே இல்லை. வலதுபக்கம் நகரம் முழுதும், எங்கள் தெருவின் டிராம் உட்பட, தீப்பெட்டிகளை அடுக்கிவைத்ததுபோல. நடுவில் முகடு, சில இடங்களில் ஒரு மாட்டுவண்டியின் அகலம், சில இடங்களில் ஒரு பெஞ்சு அகலம். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் இந்த வயதில் எப்படிப் போனேன் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்துகொண்டு போனேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையில் முப்பத்தொரு வருடம் நான் பார்த்தது தட்டிப் பார்க்கும் வேலை. சூளையிலிருந்து வரும் ஜாடியையோ ஃபியூஸ் கட்டையையோ விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் நல்லது கிண்ணென்று சொல்லும். உள்ளே முடியளவு விரிசல் இருந்தாலும் டொக்கென்று சொல்லும். ஒரு நாளைக்கு ஆயிரத்து அறுநூறு, ஆயிரத்து எழுநூறு சாமான். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த முகட்டில் ஒவ்வொரு கல்லையும் பிடிப்பதற்கு முன் அப்படித்தான் தட்டினேன். கிண்ணென்றால் பிடித்தேன், டொக்கென்றால் விட்டேன். நிலையத்திலிருந்து அவன் பெயர் பொறித்த தகடு வரை, இரண்டாயிரத்து தொள்ளாயிரத்துப் பதினான்கு அடி நடந்தேன், இருநூற்று எழுபது கல்லைத் தட்டினேன். முப்பத்தெட்டு டொக். மூன்று பேர் என்னைக் கடந்து போனார்கள். ஒருவன் என் தட்டலைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அவனுக்கும் தெரியும். செழியனுக்கு எட்டு வயதில் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை பள்ளி விட்டதும் பேட்டைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டுவான். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாகச் சொல்வான். "அப்பா, இது பொய் சொல்லுது" என்பான் விரிசல் விட்ட ஜாடியை. அந்தச் சனிக்கிழமை அந்தக் கல்லை ஏன் அவன் தட்டவில்லை? கூட வந்தவர்கள் சிரிப்பார்கள் என்றா? அவசரமா? இந்தக் கேள்வியோடு நான் இரண்டு வருடம் படுத்து எழுந்திருக்கிறேன். யாரிடமும் கேட்டதில்லை.

தகடு உள்ளங்கை அகலம்தான். அவனோடு வேலை பார்த்த மார்க்குஸ் என்ற பையன் பாறையில் திருகி வைத்தது. பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. தமிழ் எழுத்து இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு செங்குத்துப் பாறை, அதில் ஏறித்தான் தகட்டுக்குப் போக முடியும். பதினொரு பிடிகள், பதினொன்றும் கிண். ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிடம் மூச்சு வாங்கினேன். தகட்டுக்கு அந்தப்பக்கம் முகட்டின் ஓரத்தில் ஒரு பல் விழுந்ததுபோல் வெளுப்பான ஒரு குழி. அங்கிருந்துதான் கல் பெயர்ந்திருக்கிறது. குழிக்குப் பக்கத்திலிருந்த கல்லைத் தட்டினேன். டொக். அதற்கு அடுத்ததும் டொக். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

காற்றில் கற்பூரம் நிற்கவில்லை. ஒன்பது குச்சி வீணானது. பத்தாவதில் பையை மறைப்பாக வைத்து மூன்று வில்லை எரித்தேன். தேங்காயைப் பாறையில் அடித்தேன். ஒரு மூடி கையில் நின்றது. இன்னொரு மூடி உருண்டு தெற்குப் பள்ளத்தில் போனது. கீழே யாராவது வந்தால் தலையில் விழுமே என்று கத்த வாயெடுத்தேன். இங்கே கல் விழுந்தால் கத்துவதற்கு ஒரு சொல் உண்டு, அது நினைவுக்கு வரவில்லை. கீழே யாரும் இல்லை. அது ஐந்து முறை பட்டுப் பட்டு ஒலித்து நின்றது. பிறகு எழுந்து நின்று, பிடித்துக்கொண்டு, கூப்பிட்டேன்.

"செழியா. வாடா. வூட்டுக்குப் போலாம்."

மூன்று முறை. மணி பதினொன்று பன்னிரண்டு. பதில் எதிர்பார்த்து நின்றதாகச் சொல்லமாட்டேன், ஆனால் நின்றேன். குழிக்குள்ளிருந்து எலுமிச்சம்பழ அளவில் ஒரு கல்லை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். திரும்பி நிலையத்தை நோக்கி நடந்தேன். பதினான்கு அடி வைத்ததும் செங்குத்துப் பாறையின் விளிம்பு வந்தது.

அங்கேதான் என் மடத்தனம் எனக்குத் தெரிந்தது. பாறையில் ஏறும்போது முகம் பாறையைப் பார்த்திருக்கும். இறங்கும்போதும் அப்படித்தான் இறங்க வேண்டும், முகத்தைப் பாறைக்குக் காட்டி, பின்பக்கமாக, ஏணியில் இறங்குவதுபோல. அப்படித் திரும்பினால் என் முகம் தகட்டைப் பார்க்கும். கூப்பிட்டவன் பின்னால் வந்துகொண்டிருக்கிறான் என்றால் அவனை நேருக்கு நேர் பார்ப்பேன். திரும்பிப் பார்த்தால் அவன் வரமாட்டான். நல்லூர் ரோட்டில் இந்தச் சிக்கல் யாருக்கும் வந்திருக்காது. நம் சடங்குகளெல்லாம் தட்டைத் தரையில் உண்டானவை.

முதுகைப் பாறைக்குக் கொடுத்து, உட்கார்ந்த வாக்கில் நழுவி இறங்கப் பார்த்தேன். நான்கு அடி இறங்கினேன். காலுக்கு ஒரு விளிம்பு கிடைத்தது, ஒரு ஆள் உட்காரும் பலகை அளவு. அதற்குக் கீழே முதுகு காட்டிக்கொண்டு இறங்க வழி இல்லை. மேலே ஏறலாம் என்றால் அதற்கும் திரும்ப வேண்டும். உட்கார்ந்துவிட்டேன். இடதுபக்கம் கீழே நகரம். எங்கள் வீட்டுப் பால்கனியைத் தேடினேன், கிடைக்கவில்லை. முப்பது நிமிடம் போயிருக்கும். அப்போது எனக்குப் பின்னால், மேலே, சரளை நகர்ந்தது.

ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. காலடிதான். மெதுவாக, ஒவ்வொரு கல்லாகப் பார்த்து வைக்கும் காலடி. தகடு இருந்த பக்கத்திலிருந்து வந்தது. எனக்கு உடம்பு முழுக்க ரோமம் எழுந்து நின்றது. பயமா என்று கேட்டால் பயம்தான். சந்தோஷமா என்றால் அதுவும்தான். கழுத்தை ஒரு இம்மி அசைக்கவில்லை. "மெதுவா வாடா, அங்க ரெண்டு கல்லு லூசு" என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். காலடி என் தலைக்கு மேல் வந்து நின்றது.

"செர்வுஸ்," என்றது ஒரு பெண் குரல். இந்த ஊர்க்காரர்களின் வணக்கம் அது.

குரலுக்கு அறுபது வயதிருக்கும். மோனிகா என்று பெயர். முகட்டின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தவள். கீழே நகரத்தில் எங்கள் மாடியில் குடியிருப்பவர்கள் என்னை மரியாதைச் சொல்லில்தான் அழைப்பார்கள். ஓர் உயரத்துக்கு மேல் போனால் இங்கே எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். எழுபது வயதுக்காரனை முதல் வார்த்தையிலேயே நீ என்றாள். அரைகுறை இங்கிலீஷும் ஜெர்மனுமாகப் பேசிக்கொண்டோம்.

"நீ நலமா? ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாய்?"

"இறங்க முடியவில்லை."

"திரும்பு. முகம் பாறைக்கு. உன் காலை எங்கே வைப்பது என்று நான் சொல்கிறேன். சுலபம்."

"நான் திரும்பிப் பார்க்கக் கூடாது."

"சரி, சரி, பார்க்காதே. கீழே பார்க்காமல் இருப்பது நல்லதுதான். கண்ணை மூடித் திரும்பு."

"கீழே இல்லை. பின்னால். பின்னால் என் மகன் வருகிறான்."

துணி உரசும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

"நான் அங்கிருந்துதான் வருகிறேன். யாரும் இல்லையே." குரல் மாறியிருந்தது. "அவனைக் கடைசியாக எப்போது கூப்பிட்டாய்?"

"பதினொன்று பன்னிரண்டு."

"பதில் சொன்னானா?"

"இல்லை."

"என்ன நிறத்தில் உடை போட்டிருக்கிறான்?"

"நீல ஜாக்கெட்," என்றேன். "உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம்."

இந்த இடத்தில் என்னை நான் மறைக்கப் போவதில்லை. அவள் என்ன நினைத்துக்கொண்டாள் என்பது நிறம் கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. திருத்தியிருக்கலாம். செத்தவன் என்பதற்கு ஜெர்மனில் 'டோட்' என்று சொல்ல வேண்டும், ஓர் எழுத்துக் குறையாமல் எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக எல்லா அலுவலகப் படிவத்திலும் அதைத்தானே எழுதுகிறோம். ஆனால் அவனைக் கூப்பிட்டு ஐம்பது நிமிடம்கூட ஆகவில்லை. வா என்று கூப்பிட்டுவிட்டு, அவன் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு, அவன் செத்துப்போனான் என்று ஒரு அந்நியப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? இன்னொன்றும் உண்டு. அவன் என்ன சட்டை போட்டிருந்தான், எவ்வளவு உயரம் என்று இரண்டு வருடத்தில் என்னிடம் கேட்டவர்கள் யாரும் இல்லை. வாய் தானாகப் பதில் சொன்னது.

அவள் போனில் மீட்புக்காரர்களிடம் வேகமாகப் பேசினாள். 'ட்ஸ்வை' என்ற சொல் மட்டும் பிடிபட்டது. இரண்டு. பிறகு எனக்கு மேலே விளிம்பில் குப்புறப் படுத்து, கையை நீட்டி என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். ஹெலிகாப்டர் வரும்வரை விடவில்லை. "உன் மகனைக் கண்டுபிடித்துவிடுவார்கள்," என்று மூன்று முறை சொன்னாள். நான் தலையசைத்தேன், முன்னால் பார்த்தபடி.

கயிற்றில் ஒருவன் இறங்கி வந்து என் இடுப்பில் வார் மாட்டினான். தூக்கும்போது கயிறு சுற்றும் என்பது எனக்குத் தெரியாது. சுற்ற ஆரம்பித்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். காலடியில் இரும்புத் தளம் தட்டும்வரை திறக்கவில்லை. நாற்பத்தாறு எண்ணினேன். நடு நிலையத்தின் புல்வெளியில் என்னை இறக்கிவிட்டுப் போர்வை போர்த்தினார்கள். இறக்கிய கையோடு ஹெலிகாப்டர் திரும்பவும் முகட்டுக்குப் போனது. அங்கும் இங்குமாக, தாழ்ந்தும் எழும்பியும், ஒவ்வொரு பள்ளமாக அவனைத் தேடியது. நான் முகட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜூன் 19 அன்றும் இப்படித்தான் தேடியிருப்பார்கள். அன்று நான் இல்லை. தேடட்டும் என்று இருந்தது எனக்கு. அதே சமயம், இந்த நேரத்தில் வேறு யாருக்காவது இந்த வண்டி தேவைப்பட்டால் அந்தப் பாவம் யார் தலையில் என்றும் நினைத்தேன்.

ஒரு போலீஸ்காரர் வந்து குனிந்து மகனின் பெயரும் பிறந்த தேதியும் கேட்டார். சொன்னேன். கையிலிருந்த சின்னத் திரையில் தட்டினார். வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு அந்தத் திரையைத் தன் மார்போடு சாய்த்துக்கொண்டார். நாலடி தள்ளிப்போய் ரேடியோவில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். ஹெலிகாப்டர் சத்தம் விலகிப் போனது. தேடல் இருபத்துமூன்று நிமிடம். திரும்பி வந்து ஒரு காகிதக் கோப்பையில் டீ கொடுத்தார். சர்க்கரை நான்கு போட்டிருந்தார். நான் ஒன்றுதான் போடுவேன், குடித்தேன்.

போலீஸ் போன் செய்து, வெண்ணிலா ஆஸ்பத்திரிச் சீருடையோடு வந்தாள். என் காலிலிருந்த பூட்ஸைப் பார்த்தாள்.

"லைப்ரரில இதான் சொல்லித் தராங்களா மாமா?"

"கூப்புட்டு வரப் போனேம்மா."

"யாரை?" என்று கேட்டுவிட்டு, அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மங்கலம்பேட்டை அத்தை சொன்னாங்களா? அவங்க அங்க ஒக்காந்துக்கினு சொல்லுவாங்க. நீங்களும் போயி விழுந்திருந்தா நான் யாருக்கு மொதல்ல அழுவறது? இனியாகிட்ட என்னான்னு சொல்றது?"

கீழே இறங்கி டாக்சியில் வீட்டுக்கு வந்தோம். டிரைவர் தலைக்கு மேல் ஒரு கண்ணாடி இருந்ததால் நான் குனிந்தே வந்தேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு, அதிலும் பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. நான் படியில் ஏறினேன். அறுபத்தெட்டுப் படி. வெண்ணிலாவும் லிஃப்டில் போகாமல் என் முன்னால் ஏறினாள். வாசலுக்கு வந்ததும் "அங்கயே நில்லுங்க மாமா" என்று உள்ளே போனாள். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவள். பூட்ஸோடு சேர்த்து என் காலில் தண்ணீரை ஊற்றினாள். கொஞ்சம் மிச்சம் வைத்து, எனக்குப் பக்கத்தில், யாரும் நிற்காத இடத்தில் ஊற்றினாள். தண்ணீர் படியில் வழிந்து மூன்றாம் மாடிக்காரர் மிதியடிவரை போனது. இரண்டு பேருமாகத் துடைத்தோம்.

அக்காவுக்குப் போன் செய்து, கயிறு சுற்றியதைச் சொன்னேன். முகட்டுப் பக்கம் திரும்பியிருப்பேன் என்றேன்.

"கண்ணு தொறந்திருந்துதா?"

"இல்ல. மூடியிருந்தேன்."

"மூடியிருந்தா பாக்கலடா. வுடு." பிறகு, "எந்த வூட்டுக்குக் கூப்புட்ட?" என்று கேட்டாள்.

எனக்குத் திக்கென்றது. வீடு என்று மட்டும்தான் சொன்னேன். எந்த வீடு என்று சொல்லவில்லை. காலி செய்யப்போகிற இந்த நாலாம் மாடியா, பெயரே தெரியாத லின்ஸ் தெருவா, விருத்தாசலத்தில் பூட்டிக் கிடக்கிற வீடா? அவன் எந்த வாசலில் போய் நிற்பான்? அக்கா என்னைச் சமாதானப்படுத்தினாள். "நீ இருக்கற எடத்துக்கு வருவான். அவங்கப்பன் எங்க இருக்கானோ அதான் வூடு." நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவள் கனவில் அவன் வந்தானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் சொல்லவில்லை. மறுநாள் காலை இனியா வழக்கம்போல முகட்டைப் பார்த்துக் கையாட்டினாள்.

செப்டம்பர் 29 அன்று சாமான்களை ஏற்றினோம், நாற்பத்தொரு பெட்டி. கல்லை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். லின்ஸ் தட்டையான ஊர், பெரிய ஆறு ஓடுகிறது. புது வீட்டில் ஜன்னல் ஆறு, எதிலும் மலை இல்லை. முதல் வாரம் இனியா பால்கனியில் நின்று எந்தப் பக்கம் கையாட்டுவது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் பார்த்தாள்.

அக்டோபர் 19 அன்று அந்தக் கடிதம் வந்தது. எங்கள் பழைய முகவரிக்கு அனுப்பியது. அதன் மேல் புது முகவரியைத் தபால்காரர்கள் மஞ்சள் தாளில் ஒட்டியிருந்தார்கள். கோணலாக ஒட்டியதால் பழைய தெருவின் பெயர் பாதி வெளியே தெரிந்தது. மீட்புச் செலவுக்கான பில். வெண்ணிலா வரிவரியாகப் படித்துச் சொன்னாள். எனக்கு ஒன்பது நிமிடப் பறப்பு. செழியனுக்கு இருபத்துமூன்று நிமிடம். கீழே ஒரு கட்டத்தில், மீட்கப்பட்டவர்கள்: 2.

"மாமா, இது தப்பு," என்றாள். "ரெண்டு பேருன்னு போட்டிருக்காங்க. போலீஸ் ரிப்போர்ட்ட இணைச்சு ஒரு லெட்டர் போட்டா சரியா கொறைச்சிடுவாங்க. பாதிக்கு மேல கொறையும்."

இந்த வீட்டில் பால் பாக்கெட்டின் விலையில் ஐந்து சென்ட் ஏறினாலும் முதலில் கண்டுபிடித்துப் புலம்புகிறவன் நான். அவள் பேனாவைத் தேட எழுந்தாள். நான் அந்தத் தாளை வாங்கி, கட்டத்துக்குள் இருந்த எண்ணை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தேன். அரசாங்க முத்திரை இருந்தது. கையெழுத்து இருந்தது. மேலே போனவர்களில் எத்தனை பேர் கீழே வந்தார்கள் என்று யாரோ எண்ணி எழுதியிருந்தார்கள்.

"எழுத வேணாம்மா. கட்டிடு."

"மாமா, உங்க பென்ஷன் காசு முழுக்கப் போயிடும்."

"போவட்டும். கணக்கு சரியாத்தான் இருக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து கட்டினாள். இரண்டு பேருக்கு, 5,218 யூரோ 40 சென்ட்.